பட்டறைக் கேள்வி பதில்: குதிரைப் பெட்டியை இழுக்க எந்தப் பழைய வண்டி?

கேள்வி: எங்களிடம் ஒரு மார்வாரி பெண் குதிரை இருக்கிறது. எடை சுமார் 400 கிலோ. வாரம் ஒரு நாள் ஆரோவில் பக்கம் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒற்றைக் குதிரை டிரெய்லர் ஒன்று பழையதாகக் கிடைத்துவிட்டது. காலி எடை 700 கிலோ. அதை இழுக்க ஒரு பழைய வண்டி வாங்க 5 லட்சம் வைத்திருக்கிறேன். 140 குதிரைத்திறன் இருக்கிறதே என்று எக்ஸ்யூவி 500 வாங்கச் சொல்கிறார் அண்ணன். வாங்கலாமா?
– வாசகி, பாகூர்

பதில்: தங்கச்சி, அண்ணன் சொல்லும் 140 உண்மைதான். ஆனால் பெட்டி, குதிரை, புல்லுக்கட்டு, தண்ணீர் எல்லாம் சேர்த்தால் உங்கள் சுமை 1,150 கிலோ. அதை நகர்த்துவது பெரிய காரியமில்லை. தவளக்குப்பத்தில் திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால், அந்த 1,150 கிலோவும் பின்னாலிருந்து உங்களைத் தள்ளும். அப்போது நிறுத்துகிற வண்டிதான் வேண்டும். அதனால் நான் முதலில் பார்ப்பது வண்டியின் எடை, அப்புறம் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்), அப்புறம் பிரேக். இன்ஜினுக்கு நாலாவது இடம்தான்.

எக்ஸ்யூவி 500 நல்ல குடும்ப வண்டி. ஆனால் அதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். சாதாரண மாடலில் முன் சக்கரம்தான் இழுக்கும். பின்னால் கொக்கியில் பாரம் அழுத்தும்போது மூக்கு லேசாகத் தூக்கும். இழுக்க வேண்டிய சக்கரத்திலேயே பிடி குறையும். ஈரமான மண் தரையில் கிளம்பும்போது இது தெரிந்துவிடும்.

உங்கள் தேவைக்கு என் முதல் தேர்வு ஸ்கார்ப்பியோ, 2.2 லிட்டர் எம்ஹாக் இன்ஜின் உள்ளது. 120 குதிரைத்திறன், ஏணி மாதிரி தனி சேஸிஸ், பின் சக்கர இழுவை, காலி எடையே 1,700 கிலோவுக்கு மேல். உயிருள்ள சுமை என்றால், ஏற்றிய டிரெய்லர் இழுக்கும் வண்டியின் காலி எடையில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. உங்களுக்கு அது அடங்குகிறது. வண்டியின் கையேட்டில் இழுவை எடை போட்டிருந்தால் என் கணக்கை விட்டுவிடுங்கள், கையேடு சொல்வதே முடிவு. 2.5 லிட்டர் டீசல் பழைய இனோவாவும் தாங்கும், ஆனால் அதன் பழைய விலை இறங்கவே மாட்டேன் என்கிறது.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. நம் ஊர்ப் பழைய வண்டிக்கு உப்புக்காற்று, வெள்ளம் என்று இரண்டு எதிரிகள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் பக்கம் வீட்டு வாசலில் பத்து வருஷம் நின்ற வண்டி மேலே பளபளவென்று இருக்கும். ஒரு கோணி விரித்து அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸிஸை நெடுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று சொல்லும். துரு தின்ற இடம் ‘தொப்’பென்று மந்தமாகக் கேட்கும், முனையால் குத்தினால் செதில் செதிலாக உதிரும். பின் கோடியில், கொக்கி பூட்டப்போகும் இடத்தில், இப்படி ஒரு இடம் இருந்தாலும் வேண்டாம். அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

2015 மழையிலும், 2024 ஃபெஞ்சல் புயலிலும் புதுச்சேரியிலும் கடலூரிலும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று நமக்குத் தெரியும். சீட் பெல்ட்டை முழுவதும், கடைசிவரை, வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் அதுவரை இழுப்பதில்லை. உள்சுற்றில் பழுப்பாக ஒரு சேற்றுக்கோடு இருந்தால் வண்டி முங்கியது. சீட் தண்டவாளத் துருவையும் ஸ்டெப்னி பக்கத்து மண்ணையும் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேப்பர் மலை ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். நாலு பேரை உட்காரவைத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள். கிளட்ச் கருகும் வாடை வந்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

ஐந்து லட்சத்தையும் வண்டியில் போட்டுவிடாதீர்கள். நாலுக்குள் வாங்கி, மீதியைப் பிரேக், டயர், கொக்கி, டிரெய்லர் பிரேக் என்று செலவழியுங்கள். டிரெய்லரில் பிரேக் இல்லை என்றால் இந்த எடையை இழுக்கவே வேண்டாம் என்பேன். கொக்கி சேஸிஸில் போல்ட் போட்டு நிற்க வேண்டும். பம்பரில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறவரிடம் போகாதீர்கள். கொக்கியின் உருண்டை 50 மில்லிமீட்டரா என்று, அதன்மேல் மாட்டும் டிரெய்லர் வாயோடு வைத்துப் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் குறுக்காக மாட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஃபைபர் படகை என் ஜீப்பில் பூட்டித் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனேன். படகின் இன்ஜின் பின்கோடியில் இருந்தது, அதை முன்னுக்கு நகர்த்தாமல் கிளம்பிவிட்டேன். ரெட்டிச்சாவடி தாண்டி 60-ல் போகும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. இடம், வலம், இடம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்டியரிங் கையில் துள்ளியது. பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். அதனால் தப்பித்தேன். இறங்கியபின் வெகுநேரம் கை நடுங்கியது. படகு இருந்த இடத்தில் ஒரு குதிரை இருந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது, உங்களுக்கு சுமார் 115 கிலோ, கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். பின்பாரம் கூடினால் வால் ஆடும்.

கேள்வி: புதுச்சேரிப் பதிவு வண்டி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. டிரெய்லர் இழுக்கக் கடலூரில் ஓட்டலாமா?
– வாசகர், வண்ணாரப்பாளையம்

பதில்: ஓட்டலாம், ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் கடலூர்ப் பதிவான டிஎன் 31-க்கு மாற்ற வேண்டும். அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்ட வேண்டும். அந்த வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ‘நல்ல விலை’ எவ்வளவு நல்லது என்று தெரியும். பதிவு செய்து 15 வருஷம் முடிய எத்தனை நாள் பாக்கி என்றும் ஆர்.சி. புத்தகத்தில் பாருங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, தனி நம்பர். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் டிரெய்லர் இழுக்கப்போவதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் பொலேரோ இருக்கிறது. இரண்டு குதிரை டிரெய்லர் வாங்கி இழுக்கலாமா? வருஷத்துக்கு மூன்று, நாலு தடவைதான் போவோம்.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். இரண்டு குதிரையும் பெட்டியும் சேர்ந்தால் உங்கள் பொலேரோவின் எடையைத் தொட்டுவிடும். நாலு தடவைக்கு உயரமான பக்கப்பலகை வைத்த டாடா 407 லாரியை வாடகைக்கு எடுப்பதே மேல். தரையில் ரப்பர் பாய் போடச் சொல்லுங்கள், வழுக்கும் தகரத்தில் குதிரை நிற்காது. குதிரைக்குப் பழகிய ஒருவர் கூடவே வரட்டும். வெயிலுக்கு முன், விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புங்கள்.

பிற்பாடு ஒற்றைக் குதிரை டிரெய்லரே வாங்கினாலும், பாகூர் தங்கச்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன், முதல் ஓட்டம் காலிப் பெட்டியோடு. இரண்டாவது, 8 சிமெண்ட் மூட்டையைக் குதிரை நிற்கும் இடத்தில் அடுக்கிக் கட்டி. சரியாக 400 கிலோ. கன்னியக்கோயில் வரை போய்த் திரும்பி வந்து பாருங்கள். மூட்டை ஒரு விரற்கடைகூட நகராமல் பிரேக் போடவும் வளைவு திரும்பவும் பழகிய பிறகு குதிரையை ஏற்றுங்கள்.