ரிம்வேர்ல்ட்ல காட்ட வெட்டி வயல் போடுறது: கேள்வி பதில்

ரிம்வேர்ல்ட்ங்கிற காலனி கட்டுற கம்ப்யூட்டர் கேம புதுசா ஆடுறவங்க பல பேர் மேப்ல பாதிய மொட்டையடிச்சிட்டு, விதைக்க ஆள் இல்லாம முழிக்கிறாங்க. தேவையானத மட்டும் வெட்டுங்க, அதான் என் கட்சி. இனி நீங்க கேளுங்க.

புதுக்காலனி: அண்ணா, பேஸ் பக்கத்துல ஒரே மரமும் புதருமா கெடக்கு. எல்லாத்தையும் வெட்டிட்டுதான் குரோயிங் ஸோன் (பயிர் போட குறிக்கிற எடம்) போடணுமா?

வேணாம்பா. ஸோன் போட்டு பயிர செலக்ட் பண்ணிட்டா, வழியில நிக்கிற புல்லு, புதர், மரம் எல்லாத்தையும் விதைக்கிறவனே வெட்டிட்டு விதைப்பான். சிக்கல் எங்கன்னா, அந்த வெட்டு 'குரோ' (பயிர் வைக்கிறது) வேலைல சேருது, 'பிளான்ட் கட்'ல (செடி வெட்டுறது) இல்ல. அதனால உங்க கிட்ட இருக்கிற ஒரே நல்ல விவசாயி பாதி நாள் ஒரு அடிமரத்தோட மல்லுக்கட்டிட்டு நிப்பான், பக்கத்துல ரெண்டு பேரு சும்மா சுத்திட்டு இருப்பாங்க. மரம் அதிகம்னா மொதல்ல சாப் வுட் (மரம் வெட்டுற ஆர்டர்) போட்டு மார்க் பண்ணுங்க, ஸ்கில் இல்லாத ஆளுக்கு வேலை லிஸ்ட்ல பிளான்ட் கட்ட 1னு (மொத வேலையா) வைங்க, கட்டையும் வீடு கட்ட ஆச்சு. புல்லு புதர ஸோன் பாத்துக்கும்.

மேட்டுநிலம்: எவ்ளோ எடம் எடுக்கணும் ப்ரோ?

ஒருத்தன் சுமாரா நாளுக்கு ரெண்டு சிம்பிள் மீல் சாப்டுவான், ஒரு மீலுக்கு 10 அரிசி, ஆக 20. சாதா மண்ல நெல்லு விளைய அஞ்சரை நாள் ஆகும், ஒரு டைலுக்கு (மேப்ல ஒரு கட்டம்) 6 அரிசி. அப்போ 20 டைல் போட்டா நாளுக்கு 22 கிட்ட வரும். விதைக்கிற தாமதம், முயல் மேயுறது எல்லாம் இருக்கே, அதனால ஆளுக்கு 25னு நான் வைப்பேன். குளிர்காலம் உள்ள மேப்னா சேத்து வைக்கவும் வேணும், இன்னும் கூட்டிக்கோங்க. 3 பேரு காலனிக்கு 300 டைல் சுத்தம் பண்றவங்கள பாத்தா எனக்கு பாவமா இருக்கும்.

கல்லுமண்: என் பேஸ சுத்தி ஃபுல்லா கல்லு கலந்த மண்ணுதான், தள்ளிப் போய் வயல் போடலாமா?

கர்சர மண்ணு மேல வச்சா கீழ ஃபெர்டிலிட்டி (மண்ணோட வளம்) தெரியும். சாதா மண் 100%, ரிச் சாயில் 140%, உங்க கல்லு மண் 70%. நெல்லு மண்ண அப்படியே பாக்கும், 70னா 70 வேகம்தான். உருளைக்கிழங்கு அந்தளவுக்கு பாக்காது, அதே மண்ல 88% வேகத்துல வளரும். அதனால தள்ளி எல்லாம் போக வேணாம், அங்கயே கிழங்கு போடுங்க. தூரமா வயல் வச்சா ரெய்டு (எதிரிங்க தாக்குதல்) வரப்ப ஆள வெளிய மாட்ட விடுவீங்க.

கல்லுமண்: அங்கங்க பெரிய பெரிய கல்லு வேற கெடக்குதே?

சங்க்னு காட்டுமே அதான? அது இருக்கிற டைல்ல விதைக்க முடியாது. ஓரமா ஒரு டம்பிங் ஸ்டாக்பைல் (கல்லு கொட்டி வைக்கிற எடம்) போட்டு, கல்ல அங்க தூக்கிட்டு போக ஹால் மார்க் பண்ணுங்க. ஸ்டோன்கட்டர் டேபிள் (கல்ல பிளாக்கா வெட்டுற மேசை) பக்கத்துலயே அந்த ஸ்டாக்பைல் இருந்தா நல்லது, ஒரு கல்லுக்கு 20 பிளாக் வரும்.

தீக்குச்சி: மொலட்டாவ் (தீ பாட்டில்) வீசி காட்டயே கொளுத்திட்டா வேலை சீக்கிரம் முடியாதா 😄

முடியும், கட்டையும் போயிரும். தீ ஹோம் ஏரியாக்குள்ள (உங்க ஆளுங்க பாத்துக்கிற எல்லை) வந்துச்சுன்னா உங்க ஆளுங்க எல்லாத்தையும் போட்டுட்டு அணைக்க ஓடுவாங்க, பெருசாச்சுன்னா கேமே மழைய எறக்கிரும், பாதி எரிஞ்சு பாதி நிக்கும். மரத்துல வீடு கட்டி இருந்தா நெனச்சே பாக்காதீங்க.

காத்தாடி: விண்ட் டர்பைன் முன்னாடி மரம் மொளச்சிட்டே இருக்கு, வெட்டி வெட்டி அலுத்துப் போச்சு.

அங்கயே குரோயிங் ஸோன் போடுங்க. பயிர் காத்த மறைக்காது, மரம் மொளைக்க எடமும் இருக்காது. சும்மா வெட்டுற எடத்துல சோறும் வருதுல்ல.

புதுக்காலனி: இலையுதிர் காலம் வந்துருச்சு, இப்ப புதுசா வெட்டி மக்காச்சோளம் போடலாமா அண்ணா?

சோளம் சாதா மண்ல விளைய 21 நாள் கிட்ட ஆகும், ஒரு குவாட்ரமே (கேம்ல ஒரு பருவம்) 15 நாள்தான். வெயில் இருக்கிற வரைக்கும் ஆளுங்க விதைச்சிட்டே இருப்பாங்க, அறுவடைக்கு முன்ன பனி வருமான்னு எல்லாம் யோசிக்க மாட்டாங்க, அத நீங்கதான் யோசிக்கணும். நெல்லுக்கு மாத்துங்க, குளிர் வர ஒரு வாரம் இருக்கப்ப 'அலவ் சோயிங்' (விதைக்க விடுற ஆப்ஷன்) ஆஃப் பண்ணிருங்க.

மேட்டுநிலம்: ஒரே பெரிய வயலா, துண்டு துண்டா?

துண்டுதான். பிளைட் (பயிர் நோய்) வந்தா பக்கத்து செடிக்கு தாவும், நடுவுல 4, 5 டைல் விட்டுருங்க. அந்த இடைவெளிய வெட்ட வேணாம், புல்லு அப்படியே இருக்கட்டும்.