மனநலம் – வாசகர் கேள்வி பதில்: பிள்ளையை யாரிடம் அழைத்துச் செல்வது?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்குப் போக மறுக்கிறாள். காலையில் சீருடை போட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டோம், ஒன்றுமில்லை என்கிறார்கள். மாமியார் கோயிலில் மந்திரித்துத் திருநீறு வாங்கி வந்தார். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார் எங்கள் டாக்டர். நாங்கள் இருப்பது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். இதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? மாத்திரை கொடுத்தால் பழகிவிடாதா? நாளை இவள் கல்யாணத்துக்கு இது தடையாக நிற்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: சென்னைக்குப் போக வேண்டியதில்லை அம்மா. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம்; அவர் எந்தெந்தக் கிழமைகளில் எந்த ஊர் மருத்துவமனைக்கு வருகிறார் என்பதைச் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே தனிப்பயிற்சி பெற்ற மனநல மருத்துவர்கள் நம் மாநிலத்தில் மிகக் குறைவு என்பதும், அவர்களில் பெரும்பாலோர் பெருநகரங்களில் இருக்கிறார்கள் என்பதும் எனக்கு வருத்தம் தரும் உண்மைதான். ஆனாலும் அந்தச் சிறப்பு மருத்துவர் கிடைக்கட்டும் என்று மூன்று மாதம் காத்திருப்பதைவிட, அருகில் இருக்கும் பொது மனநல மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுவது நல்லது. பள்ளிக்குப் போகாத நாட்கள் கூடக்கூட, திரும்பிப் போவது பிள்ளைக்கு மலையேறுவதுபோல் ஆகிவிடும்.

அழைத்துப் போகும்போது ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். பல் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லி அழைத்து வரப்பட்ட ஒரு பையன், கதவில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, புத்தகப்பையை மடியில் அணைத்தபடி நாற்பது நிமிடம் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. அவன் கோபம் என்மேல் இல்லை. அவன் பார்வை முழுதும் அம்மாவின் மேலேயே இருந்தது. "உனக்கு வலிப்பது உண்மை என்று எனக்குத் தெரியும். பயத்தாலும் கவலையாலும்கூட வயிறு வலிக்குமாம். அதைப் பேசித் தீர்க்கிற டாக்டரிடம் போகப்போகிறோம், நானும் கூட வருகிறேன்" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மாமியார் தந்த திருநீற்றை அவள் பூசிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் திருநீறு பலன் தருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் எனத் தள்ளிப்போட வேண்டாம்.

போவதற்கு முன் ஒரு நோட்டில் சில நாட்களின் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். வலி எந்த நேரத்தில் வருகிறது, ஞாயிற்றுக்கிழமையும் வருகிறதா, எந்தப் பாடம் உள்ள நாளில் கூடுகிறது, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறதா, அரையாண்டுத் தேர்வையொட்டி வகுப்பிலோ பேருந்திலோ ஏதாவது நடந்ததா என்று எழுதிவைத்த இரண்டு பக்கம் மருத்துவருக்கு எந்த ஸ்கேனைவிடவும் பயன்படும். அவர் அவளிடம் தனியாகப் பேச விரும்பினால் வெளியே காத்திருங்கள். கேலியோ அடியோ பாலியல் தொந்தரவோ இருந்திருந்தால் அதை அம்மா முன்னால் சொல்ல முடியாத பிள்ளைகள்தான் அதிகம். பாலியல் தொந்தரவு எனத் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அப்போது நீங்கள் பதறாமல் அவள் பக்கம் நிற்க வேண்டும். சிறார் உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது.

மருந்தைப் பொறுத்தவரை, பள்ளிக்குப் போக அஞ்சும் பல பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சையே பேச்சு வழிச் சிகிச்சைதான். பள்ளியோடு பேசி, முதலில் வாசல் வரை, பிறகு ஒரு பாடவேளை, பிறகு அரை நாள் என்று படிப்படியாகத் திரும்ப வைப்பார்கள். இதைச் செய்பவர் மருத்துவ உளவியலாளர். தனியாரிடம் போனால், அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். சில வாரப் பயிற்சி முடித்துவிட்டு 'கவுன்சிலர்' என்று பலகை மாட்டியிருப்பவர்களும் இருக்கிறார்கள். பதற்றத்துக்குத் தரப்படும் ஃபுளுவாக்ஸெடின் போன்ற மாத்திரைகள் போதையாகப் பழகுபவை அல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும். தொடங்கிய முதல் வாரங்களில் பிள்ளைக்குப் படபடப்போ சாவைப் பற்றிய எண்ணமோ கூடினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் தொடர்ந்து வாங்கவும் வேண்டாம்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அதில் சொல்லப்பட்ட சில விதிவிலக்குகள் தவிர, சிகிச்சை விவரத்தை வெளியாருக்குத் தரக்கூடாது என்கிறது. பதினான்கு வயதில் சரியான நேரத்தில் உதவி பெற்ற பெண் பத்தாம் வகுப்பை முடிப்பாள், வேலைக்குப் போவாள். அந்த வழியைத்தான் இப்போது அவளுக்குத் திறந்துவிடப் போகிறீர்கள்.

அவள் சாகவேண்டும் என்று சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாட்டை அறவே நிறுத்தினாலோ, குறித்த நாளுக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் உடனே பூட்டி வையுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அவள் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள்.

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்கெல்லாம் வாயால் சரியாகப் பதில் சொல்கிறான். எழுதச் சொன்னால் நான்கு வரி எழுதுவதற்குள் அழுகிறான். பெற்றோர் கூலி வேலை செய்பவர்கள். எங்கே அனுப்புவது?
– ஓர் ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அவனைச் சோம்பேறி என்று எழுதி ஒதுக்காமல் இதைக் கவனித்தீர்களே, அதற்கு நன்றி. உங்கள் பள்ளிக்குச் சிறார் மருத்துவப் பரிசோதனைக்காக வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் அவன் பெயரைச் சொல்லுங்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சோதிக்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்கள் எழுதித் தருவார்கள். பிறப்பிலிருந்து 18 வயது வரை அங்கே கட்டணமின்றிப் பார்ப்பார்கள். முதலில் கண்ணும் காதும் சோதிக்கப்பட வேண்டும். பிறகுதான் அறிவுத்திறன் சோதனையும் கற்றல் குறைபாட்டுக்கான சோதனையும். ஒரே நாளில் முடியாது, இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் மறுமுறை வராமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் நீங்களோ தலைமையாசிரியரோ ஒருமுறை கூடவே போய்வாருங்கள். அவனுடைய எழுத்து நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு', அதாவது படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் மட்டும் வரும் சிரமம், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைக் கேட்டுத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் வரும்வரை அவனை வாயால் பதில் சொல்ல விட்டு மதிப்பெண் போடுவது உங்கள் கையிலேயே இருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கல்லூரி விடுதியிலிருந்து வந்தவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறான். கட்டாயப்படுத்தி அழைத்துப் போகலாமா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: 18 வயது கடந்தவரின் சம்மதம் பொதுவாகச் சட்டப்படி வேண்டும், இழுத்துக்கொண்டு போனால் மறுமுறை வரமாட்டான். முதலில் நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். பிள்ளை வராமல் பெற்றோர் மட்டும் வந்து பேசுவது வழக்கமான ஒன்றுதான். அவன் தனியாகப் பேசிக்கொள்கிறானா, யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறானா, சாப்பாட்டில் எதையோ கலந்திருப்பதாகச் சந்தேகப்படுகிறானா என்று மருத்துவர் கேட்பார். ஆம் என்றால் நாள் கடத்தக்கூடாது. அப்படி எதுவும் இல்லையென்றால், "உனக்கு ஏதோ வியாதி" என்ற பேச்சை விட்டுவிட்டு, அவனே ஒத்துக்கொள்ளும் தூக்கமின்மையையோ தலைவலியையோ முன்வைத்து, "அதற்காக ஒருமுறை போய்வரலாமா?" என்று கேளுங்கள். அறைக்குள் போய் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்க வேண்டாம்.