ஆடுசதையில் யாரோ கல்லால் எறிந்ததுபோல் இருந்தது

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு 47 வயது. காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். பத்து வருடமாகக் காலையில் டென்னிஸ் விளையாடுகிறேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை வலைக்குப் பக்கத்தில் விழுந்த பந்தை எடுக்க ஓடினேன். இடது ஆடுசதையில் யாரோ பின்னாலிருந்து கல்லால் எறிந்ததுபோல் சுளீரென்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. எங்கள் ஆத்தா வேப்பெண்ணெய் காய்ச்சி இரண்டு நாள் உருவிவிட்டார்கள். வீக்கம் கூடிவிட்டது. கணுக்கால் பக்கம் நீலமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இரட்டையர் இறுதி ஆட்டம். என்னோடு ஆடுகிற சித்தப்பா மகன், "நடால் காலில் ஊசி போட்டுக்கொண்டே கோப்பை வாங்கினார், உனக்கு ஒரு சதைப்பிடிப்புக்கு இவ்வளவா" என்கிறான். விம்பிள்டன் நடப்பதால் சாயங்காலம் எங்கள் வீட்டு முகப்பில் பத்துப் பேர் கூடுகிறோம். பாதியில் விலகுகிறவர்கள் நடிக்கிறார்களா இல்லையா என்பதுதான் பாதி நேரப் பேச்சு. வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடலாமா?

பதில்: ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆடவேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்கள் தம்பிக்கு வேறு ஆள் தேட நேரம் கிடைக்கும்.

"திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே பாதி தெரிந்துவிட்டது. நாற்பதை ஒட்டிய வயதுக்காரர்கள் என் அறைக்குள் நொண்டிக்கொண்டு வந்து இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். ஒருவர் பின்னால் நின்றவரோடு சண்டைக்கே போய்விட்டார். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயரே 'டென்னிஸ் லெக்'. ஆடுசதையில் மேலாக இருக்கிற பெரிய தசைக்கு இரண்டு தலை. அதில் உட்பக்கத் தலை, கீழே குதிகால் தசைநாணோடு சேரப்போகிற இடத்தில் கிழிந்துவிடும். முழங்கால் நீண்டு, பாதம் மேலே மடங்கி இருக்கிற நிலையில் திடீரென்று தரையை உந்தினால் போதும். வலையோரம் விழுகிற பந்துக்குப் பாய்வது அச்சு அசலாக இதே அசைவு. விடிகாலையில், உடம்பு சூடேறுவதற்கு முன்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

இது சதைப்பிடிப்பு இல்லை. குரக்களி, அதாவது சதைப்பிடிப்பு வந்தால் சதை உருண்டு கல்லாக நிற்கும், பாதத்தை முகத்தை நோக்கி இழுத்தால் இளகும், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். மறுநாள் நீலம் இறங்காது. உங்களுக்குக் கணுக்கால் வரை இறங்கியிருக்கிறது என்றால் உள்ளே ரத்தம் கசிந்து கீழே வந்திருக்கிறது. டென்னிஸ் விதியிலேயே இந்த வித்தியாசம் உண்டு. காயம் என்றால் 3 நிமிட மருத்துவ இடைவேளை தருவார்கள். வெறும் குரக்களிக்கு அது கிடையாது. பக்கம் மாறும்போது கிடைக்கிற நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முகப்பில் கூடுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆத்தாவைக் குறை சொல்லாதீர்கள், பாசத்தில் செய்தது. ஆனால் கிழிந்து ரத்தம் கசிகிற சதையை முதல் இரண்டு மூன்று நாளில் உருவினால் கசிவு கூடும். சூடும் கூடாது. இப்போதைக்கு ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 15 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வையுங்கள். பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கிரேப் பேண்டேஜ் சுற்றுங்கள். விரல் மரத்தால் தளர்த்திவிடுங்கள். கடையில் உட்காரும்போது காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வையுங்கள். வாடிக்கையாளர் தப்பாக நினைக்கமாட்டார்.

இவ்வளவையும் ஒரு டாக்டரிடம் காலைக் காட்டிய பிறகு செய்யுங்கள். நான் கடிதத்தைத்தான் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. இரண்டு விஷயம் இல்லை என்று உறுதியாக வேண்டும். ஒன்று, குதிகால் தசைநாண் அறுந்திருப்பது. குப்புறப் படுக்கவைத்து ஆடுசதையை அமுக்கினால் பாதம் அசையவேண்டும். அசையாவிட்டால் அன்றே எலும்பு டாக்டர். இரண்டாவது, ஆழத்தில் ஓடுகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருப்பது. அதிலும் கால் வீங்கும், வலிக்கும். வீக்கம் கூடிக்கொண்டே போகிறது என்பதால் ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. கால் முழுக்க வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ஸ்கேனுக்கு நாள் பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி ஊசி விஷயம். 2022 பிரெஞ்சு ஓபனில் நடால் பாதத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டுக்கொண்டு கோப்பை வாங்கியது உண்மைதான். அது அவருக்குப் பல வருடமாக இருந்துவரும் பாத எலும்புக் கோளாறு. எந்த நரம்பை மரக்கடிக்கிறோம், அதனால் என்ன ஆகும் என்று தெரிந்த டாக்டர் கூடவே இருந்தார். அப்படியும், இதே மாதிரி தொடர விரும்பவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் விம்பிள்டனில் அவருக்கு வயிற்றுத் தசை கிழிந்தது. கால் இறுதியில் டெய்லர் ஃபிரிட்ஸை ஐந்து செட்டில் ஜெயித்தார், அரையிறுதிக்கு இறங்காமல் விலகினார். உங்கள் தம்பி முதல் பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

ஜோகோவிச்சைப் பாருங்கள். ஆஸ்திரேலிய ஓபனில் 2021-ல் வயிற்றுத் தசைக் கிழிவோடும், 2023-ல் தொடைப் பின்தசைக் கிழிவோடும் ஆடிக் கோப்பை வாங்கினார். 2025 அரையிறுதியில் ஸ்வெரெவிடம் முதல் செட்டை இழந்ததும் தொடைத் தசைக் கிழிவால் விலகினார். கூட்டத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது எதிரே ஆடிய ஸ்வெரெவ்தான். இரண்டு தடவை கிழிந்த தசையோடு ஜெயித்தவர் மூன்றாவது தடவை எதற்கு நடிக்கவேண்டும்?

2025 விம்பிள்டனில் திமித்ரோவ் சின்னருக்கு எதிராக இரண்டு செட் முன்னிலையில் இருந்தபோது வலது மார்புத் தசை போய் விலகினார். கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டிகளில் தொடர்ந்து ஐந்தாவது தடவையாகப் பாதி ஆட்டத்தில் நின்றது. அதனால்தான் "அவருக்கு இதே பொழப்பு" என்று கிண்டல். சர்வீஸ் போடுகிற கையை முன்னால் இழுத்து வருவது அந்தத் தசைதான். அது போனபிறகு எத்தனை செட் கையில் இருந்து என்ன? வலி எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி. அந்தச் சதை தன் வேலையைச் செய்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். உங்கள் ஆடுசதை இப்போது செய்யவில்லை. ஊசி போட்டால் வலி மட்டும் மறையும், கால் பழையபடி உந்தும், அரைகுறையாகக் கிழிந்தது முழுசாகக் கிழியும்.

யாராவது ஃபெடரரை இழுப்பார்கள். அவர் ஓர் ஆட்டத்தைக்கூடப் பாதியில் விட்டதில்லை, சரி. ஆனால் 2021 பிரெஞ்சு ஓபனில் மூன்றாவது சுற்றை ஜெயித்த மறுநாள், முழங்காலை நினைத்து நாலாவது சுற்றுக்கே வரவில்லை. நீங்களும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

மாத்திரையில் கவனம். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் சுமை. வயிற்றையும் புண்ணாக்கும். 2006 ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டியில் ஜஸ்டின் ஹெனின் வயிற்று வலியால் பாதியில் விலகினார். தோள்வலிக்கு எடுத்த மாத்திரைதான் வயிற்றைக் கெடுத்தது என்றார். உங்களுக்குப் பாராசிட்டமால் போதும். வேறு எதுவும் உங்கள் ரத்தக் கொதிப்பு டாக்டர் சொன்னால்தான்.

எப்போது திரும்ப ஆடலாம்? லேசான கிழிவு என்றால் மூன்று வாரம்; நீலம் இறங்கியிருப்பதைப் பார்த்தால் ஆறு, எட்டு வாரம் ஆகலாம். நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வலியில்லாமல் நடக்க வந்ததும், வளவில் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். அது சுலபமானதும் இடது காலில் மட்டும். வலது காலில் எத்தனை தடவை முடிகிறதோ அத்தனை தடவை இடதிலும் முடிந்து, ஒற்றைக்காலில் குதித்தாலும் வலிக்காவிட்டால் மட்டையை எடுக்கலாம். முதல் வாரம் சுவரில் அடித்துப் பழகுங்கள். வலையோரம் விழுகிற பந்தைத் தம்பி ஓடி எடுக்கட்டும்.