கருவையை விரட்டிய பாலைவனம்

பரமக்குடியிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நவம்பர் புகையிலிருந்து இரண்டு நாளாவது தப்பிக்க வேண்டும். பெரியவள், ஏழு வயசு, பாலைவனம் பார்த்தே தீருவேன் என்கிறாள். ஒட்டகத்தில் ஏறிப் போட்டோ எடுத்துத் திரும்புகிற மாதிரி இல்லாமல் குடும்பமாகக் கொஞ்சம் நடக்கிற மாதிரி இடம் உண்டா அக்கா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. கூடவே முட்டிவலியோடு மாமியார் வேறு.

எல்லாரும் ஜெய்சல்மேர் என்பார்கள். இந்தத் தடவை வேண்டாம். தில்லியிலிருந்து தூரம் அதிகம். மணல் மேட்டில் உங்கள் நான்கு வயசுப் பையன் பத்து நிமிஷம் ஏறுவான், அப்புறம் தோளில்தான். நீங்கள் ஜோத்பூர் போங்கள். மெஹ்ரான்கர் கோட்டை அடிவாரத்தில் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, சுமார் 70 ஹெக்டேர். தார் பாலைவனத்தின் விளிம்பு அது. மணல் இருக்காது, முழுக்கப் பாறை. மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "மணல் எங்கே" என்று அழுவாள். என் மகன் அழுதான்.

அந்தப் பாறை ரயோலைட். சுமார் 75 கோடி வருஷத்துக்கு முன்னால் எரிமலை கக்கியது ஆறிக் கல்லானது. டைனோசர் எல்லாம் அதற்கு வெகு காலம் கழித்து வந்த கதை என்று சொன்னபிறகுதான் என் மகன் அழுகையை நிறுத்தினான்.

பரமக்குடிக்காரர் என்பதால் உங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கண்மாயையெல்லாம் தின்று தீர்த்த அதே சீமைக்கருவேலம்தான் இந்தப் பாறையையும் மூடிக் கிடந்தது. 1930களில் ஜோத்பூர் மகாராஜா விமானத்திலிருந்து விதை தூவினார் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அங்கே அதற்குப் பெயர் 'பாவ்லியா', பைத்தியக்காரன் என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான். 2006இல் அதைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். வெட்டினால் துளிர்க்கும் என்பது உங்களுக்கே தெரியும். பாறை இடுக்கில் வேர் இறங்கிவிட்டால் இன்னும் மோசம். கடைசியில் கல் உடைக்கிற கண்ட்வாலியா தொழிலாளர்களைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் பாறையைச் சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே எங்கே விரிசல் என்று கண்டுபிடித்து, உளியால் குடைந்து வேரோடு எடுத்தார்கள். அந்தக் குழிகளில் இந்தப் பாலைக்கே உரிய செடிகளை நட்டு 2011இல் திறந்துவிட்டார்கள். கருவை போன இடத்தில் என்ன முளைக்கும் என்று நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? நான் பார்க்கத்தான் இரண்டாம் தடவை போனேன்.

முளைத்திருப்பதில் பாதி உங்களுக்குத் தெரிந்த முகங்கள். 'ஆக்' என்பது நம் எருக்கு. தோர் என்று கொத்துக் கொத்தாக நிற்பது கள்ளி. பிள்ளைகளை அதன் பக்கம் விடாதீர்கள், பால் கண்ணில் பட்டால் தாங்காது. கெஜ்ரி என்று ராஜஸ்தான்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற மரம் வேறு எதுவும் இல்லை, நம் வன்னிதான்! 1730இல் ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி கிராமத்தில் அந்த மரத்தை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள். அதன் காய்தான் அந்த ஊர்க் கேர்-சாங்ரி கறியில் வருகிற சாங்ரி. வன்னிமரத்துப் பிள்ளையாரைச் சுற்றி வளர்ந்த நான் வன்னிக்காயைச் சாப்பிட்டது ஜோத்பூரில்தான். புளிப்பும் எண்ணெயுமாகக் கிட்டத்தட்ட ஊறுகாய் மாதிரி இருக்கும், கம்பு ரொட்டிக்கு நன்றாகச் சேரும்.

நடை சுலபம். 'சிங்கோரியா போல்' என்ற பழைய நகர வாசலில்தான் பார்வையாளர் மையம். அங்கிருந்து நிறம் காட்டி நான்கு பாதைகள் பிரிகின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பாறையைக் குடைந்த பழைய வாய்க்காலுக்குள் இறங்கி நடக்கிற பகுதியைத் தவறவிடாதீர்கள், இரண்டு பக்கமும் கல்சுவர், நிழலும் உண்டு. கோட்டை ஏரிகளுக்கு மழைத்தண்ணீர் கொண்டுபோன வழி அது. வழிகாட்டி கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு இந்தப் பாதை சரிவராது, படிகள் கரடுமுரடு. பக்கத்திலேயே ஜஸ்வந்த் தடா இருக்கிறது, வெள்ளைப் பளிங்கு மண்டபமும் தோட்டமும். அங்கே அவர் நிம்மதியாக உட்காரலாம்.

செருப்பு வேண்டாம், எல்லாருக்கும் ஷூ. முதல் தடவை நான் ஊர்ப் பழக்கத்தில் ரப்பர் செருப்போடு போய், முள் அடிப்பாகத்தைத் துளைத்து, பாதி வழியில் நொண்டிக்கொண்டு திரும்பினேன். தண்ணீர் விஷயத்திலும் நம் ஊர்க் கணக்கு ஏமாற்றும். நமக்கு வேர்வை வழியும், தாகம் தெரியும். அங்கே காற்று வறட்சி, வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். வருஷத்துக்கு 36 சென்டிமீட்டர் போல மழை பெய்கிற ஊர். பிள்ளைகள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை குடிக்க வையுங்கள். காலையில் பூங்கா திறந்ததும் போய்ப் பத்தரைக்குள் வெளியே வந்துவிட்டால் நல்லது, சூடேறிய பாறை கீழிருந்தும் அனல் அடிக்கும்.

இரவில் மண்டோர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஜோத்பூர். பழைய தில்லி ஸ்டேஷனிலிருந்து கிளம்பும். பழக்கதோஷத்தில் புது தில்லிக்குப் போய் நின்றுவிடாதீர்கள். முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கிறது, தீபாவளி நெருக்கத்தில் உடனே தீர்ந்துவிடும். நவம்பர் சீட்டு கிடைக்காவிட்டால் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் தில்லி மூடுபனியில் ரயில்கள் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். சிறுசுகளை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் குளிரில் நிற்பது கொடுமை.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குருகிராமில் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் பிள்ளைகளை நடத்திப் பாருங்கள். பழைய கல்குவாரியில் இதே மாதிரி காடு வளர்த்திருக்கிறார்கள். குரு துரோணாச்சார்யா மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். நாங்களும் வருகிறோம், எலுமிச்சைச் சாதம் நான் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். நீங்கள் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.