டேப்பில் இருக்கும் மகள் கணினிக்கு வர மறுக்கிறாள்!

கேள்வி: 2003-ல் வாங்கிய, சின்ன டேப் கேசட்டில் பதியும் மினி டிவி (MiniDV) கேம்கார்டர் இன்னும் ஓடுகிறது. மகளின் சின்ன வயது வீடியோக்கள் பதினோரு கேசட்டில் இருக்கின்றன. யு.எஸ்.பி. கேபிளால் கணினியில் இணைத்தால் நாலைந்து போட்டோ மட்டும் தெரிகிறது, வீடியோவைக் காணோம். அழிந்துவிட்டதா?

பதில்: அழியவில்லை அம்மா. நீங்கள் தட்டியது பக்கத்து வீட்டுக் கதவை. அந்தக் காலத்து டேப் கேமராக்கள் பலவற்றில் யு.எஸ்.பி. துளை இருந்ததே மெமரி கார்டில் உள்ள போட்டோக்களுக்காகத்தான். டேப்பில் இருப்பது வெளியே வர வேறு வழி. கேமராவின் ஓரத்தில் ரப்பர் மூடியைத் திறந்து பாருங்கள். 'DV' என்றோ 'i.LINK' என்றோ எழுதிய பொடித் துளை ஒன்று இருக்கும், உள்ளே நாலு பின். ஃபயர்வயர் என்பது அதுதான்.

கணினியிலும் அதே துளை வேண்டுமே என்பீர்கள். மேசைக் கணினி என்றால் ஃபயர்வயர் கார்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். இல்லையென்றால் யார் வீட்டிலாவது தூசி படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினியைப் புரட்டிப் பாருங்கள், பலவற்றில் இருந்தது. ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யு.எஸ்.பி. என்று மலிவாக ஒரு கேபிள் விற்கிறது. வாங்காதீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன். முனையை மாற்றி ஒட்டினால் போதுமா? இரண்டும் பேசும் பாஷையே வேறு.

சரி, இணைத்தாயிற்று. கேமராவை பேட்டரியில் ஓட்டாமல் கரண்டில் போடுங்கள். கேசட்டின் முதுகில் உள்ள சின்னத் தாழை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். கை தவறி பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. வருஷக்கணக்கில் தொடாத கேசட் என்றால் ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு ஆரம்பியுங்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் உள்ளே போடவே போடாதீர்கள், கேமராவும் கெடும். அப்புறம், 'வின்டிவி' (WinDV) போன்ற இலவச மென்பொருள் ஒன்று போதும். இதில் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேர டேப் ஓட ஒரு மணி நேரம்தான் ஆகும், அது கிட்டத்தட்ட 13 ஜிபி இடம் கேட்கும்.

இந்த 13 ஜிபியில்தான் நான் வழுக்கினேன். டேப்பை ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் இருபதாவது நிமிடத்தோடு பதிவு நின்றிருக்கிறது. கேசட்டைச் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன். அதே இருபது நிமிடம். மூன்றாவது தடவைதான் ஃபைலின் அளவைப் பார்த்தேன்: 4 ஜிபி. என் வெளி ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் அடுக்கு முறையில் இருந்தது. அதில் ஒரு ஃபைல் அதற்கு மேல் வளராது. டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றியதும் முழு டேப்பும் இறங்கியது. ஃபார்மேட் செய்து மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: வீடியோ வருகிறது. ஆனால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. டேப் போச்சா?

பதில்: அதே இடத்தை இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் உடைந்தால் பெரும்பாலும் கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. அதற்கென்றே சுத்தம் செய்யும் கேசட் உண்டு. அதன் மேல் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், ஹெட் தேயும். பஞ்சை உள்ளே விட்டுத் துடைக்கும் வீர விளையாட்டு வேண்டாம். எப்போதும் ஒரே நொடியில் உடைந்தால் டேப்பில்தான் கோளாறு. 'எல்பி' முறையில் (அதே டேப்பில் கூடுதல் நேரம் பதிவது) பதிந்த கேசட்டோ, எடுத்த கேமராவைத் தவிர மற்றதில் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: எம்பி4 ஆகச் சுருக்கிவிட்டு, அந்தப் பெரிய ஃபைலை அழித்துவிடலாமா?

பதில்: போனில் பார்க்க எம்பி4 போதும். ஆனாலும் பெரியதை இரண்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியாவிட்டாலும், எடுத்த தேதியும் நேரமும் அதன் ஒவ்வொரு படத்தோடும் பதிந்திருக்கும். சுருக்கும்போது அது பெரும்பாலும் தொலைந்துபோகும். என் பையன் முதலில் நடந்தது எந்த நாள் என்று வீட்டில் ஒரு வழக்கு. நானோ சுருக்கிவிட்டு அசலை அழித்திருந்தேன். கேசட்டைத் தூக்கிப்போடாததால் பிழைத்தேன். மறுபடி ஓட்டிப் பார்த்ததில் மனைவி சொன்ன தேதிதான் சரியாக இருந்தது.