பெக்ஸ்டைன் வௌவால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் எச்எஸ்2 அதிவேக ரயில்பாதைக்கு மேல் வௌவால்களுக்காகக் கட்டும் கூரையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். இரண்டு விஷயங்கள். கட்டுரையோடு இருந்த படம் பெக்ஸ்டைன் வௌவால்தானா? அதில் காதுகள் இரண்டும் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்புறம், பரவல் வரைபடத்தைத் தேடிப் பார்த்தேன். ஸ்பெயினிலிருந்து காகசஸ் வரை நிறம் தீட்டியிருக்கிறார்கள். இத்தனை பெரிய நிலத்தில் வாழும் பிராணிக்கு ஒரு காட்டோரமாக ரயில் போனால் என்ன ஆகிவிடும்? சிறகு இருக்கிறதே, பறந்து வேறு காட்டுக்குப் போகாதா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

படம் தவறுதான். நான் போட்டது பழுப்பு நீள்காது வௌவால். அவசரத்தில் காதின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிட்டேன். இப்போது மாற்றியாகிவிட்டது.

நீங்கள் கவனித்த அந்த ஒட்டுதான் சரியான அடையாளம். நீள்காது வௌவாலின் காதுகள் அடியில் சேர்ந்திருக்கும். ஓய்வெடுக்கும்போது அவற்றை ஆட்டுக்கடாவின் கொம்பு போலப் பின்னுக்குச் சுருட்டிக்கொள்ளும். பெக்ஸ்டைனுக்கு இரண்டு காதுகளுக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு, சுருட்டுகிற பழக்கமும் இல்லை. ஆனால் அதன் காதும் லேசுப்பட்டதல்ல, உடம்பின் பாதி நீளம். முகம் முடியில்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். முதுகு செம்பழுப்பு, வயிறு வெளிர்சாம்பல். எடை 7 முதல் 13 கிராம். இரண்டு பத்து ரூபாய் நாணயங்களின் கனம்கூட இல்லை. 1817இல் இதை முதலில் விவரித்த ஹைன்ரிஷ் கூலுக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். மூத்த இயற்கையியலாளர் யோஹான் பெக்ஸ்டைனின் பெயரை வைத்தார். நான்கே வருடத்தில் ஜாவாவில் இறந்தும் போனார், பாவம்.

சரி, வரைபடத்துக்கு வருகிறேன். மேற்கே ஸ்பெயின், கிழக்கே காகசஸ், வடக்கே ஸ்வீடனின் தென்முனை, பிரிட்டனில் தெற்குப் பகுதி மட்டும். வரைபடம் சொல்வது பொய் இல்லை. ஆனால் அந்த நிறத்துக்குள் இந்த வௌவால் இருப்பது தெளித்த புள்ளிகள் மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். அதற்கு வேண்டியது வயதான இலையுதிர் காடு, குறிப்பாக ஓக் மரங்கள். வெறும் மரங்கள் போதாது. மரங்கொத்தி துளைத்து விட்டுப்போன பொந்துகள் வேண்டும். மரங்கொத்தி துளைக்க, உள்ளே உளுத்த மரம் வேண்டும். காட்டைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று கிழட்டு மரங்களையெல்லாம் வெட்டினால் இதற்கு வீடே இல்லை.

அதுவும் ஒரு வீடு போதாது. கோடையில் இருபது முப்பது பெண் வௌவால்கள் சேர்ந்து குட்டிகளை வளர்க்கும். தாய், மகள், பேத்தி என்று தாய்வழிச் சொந்தங்கள் ஒரே கூட்டத்தில் இருக்கும். வெளியிலிருந்து ஒரு பெண் வௌவால் வந்து சேர்வது மிக அபூர்வம். ஆண்கள் தனியாகத் திரியும். இந்தக் கூட்டம் ஒரே பொந்தில் தங்குவதில்லை. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இடம் மாற்றும், சில சமயம் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு பொந்துக்குப் போய் மறுபடி சேரும். ஒரு காரணம், சிறகில்லாத ஒருவகை ஒட்டுண்ணி ஈ. அது தன் சந்ததியைப் பொந்தின் சுவரில் ஒட்டிவைத்துவிட்டுப் போகும். அது பொரிந்து வருவதற்குள் இடத்தைக் காலி செய்வதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு காரணம் வெப்பம். குட்டி பிறக்கும் முன்பு குளிர்ந்த பொந்தையும், பிறந்த பிறகு வெதுவெதுப்பான பொந்தையும் தேடும். ஆகவே இதன் வீடு என்பது மரம் இல்லை, காடு முழுவதும்தான்.

இரை தேடுவதும் அங்கேயேதான், பொந்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள். அகன்ற குட்டைச் சிறகு, மெதுவான பறத்தல். கிளைகளுக்கு நடுவே புகுந்து இலைமேல் ஊரும் சிலந்தியையும் வண்டையும் எடுக்கும். அந்தப் பெரிய காது எதற்கென்றால், பூச்சி நடக்கிற சரசரப்பைக் கேட்க. திறந்த வெளியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. நார்ஃபோக்கில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற புதிய கற்காலச் சிக்கிமுக்கிக் கல் சுரங்கங்களில் இதன் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அங்கே 4,500 வருடத்துக்கு முன்பு மனிதர்கள் கல் தோண்டினார்கள். இன்று இங்கிலாந்தின் மிக அரிய பாலூட்டிகளில் இதுவும் ஒன்று. நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டால், காடு போயிற்று.

‘பறந்து போகாதா’ என்ற கேள்விக்கு ஜெர்மனியில் நேரடியாகவே விடை பார்த்திருக்கிறார்கள். கெரால்ட் கெர்த், மார்க்குஸ் மெல்பர் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு. காட்டுக்கு நடுவே போகும் ஒரு நெடுஞ்சாலை. 34 பெக்ஸ்டைன் வௌவால்களில் சின்ன ரேடியோ கருவியை ஒட்டிப் பின்தொடர்ந்தார்கள். சாலையைக் கடந்தவை மூன்றே மூன்று. அந்த மூன்றும் சாலைக்கு அடியிலிருந்த சுரங்கப்பாதை வழியாகப் போனவை. அதே இடத்தில் பார்பஸ்டெல் என்ற வேறொரு வௌவால் இனம் சாலையைச் சர்வசாதாரணமாகக் கடந்தது. அதைப் பார்த்து இதை எடைபோட முடியாது.

பக்கிங்ஹாம்ஷயரின் ஷீப்ஹவுஸ் காட்டோரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போடுவது இதனால்தான். 10 கோடி பவுண்டுக்கு மேல் ஆகும் என்று எச்எஸ்2 தலைவர் ஜான் தாம்ப்சன் 2024 நவம்பரில் சொன்னதும் பெரிய கூச்சல் எழுந்தது. இந்தக் கட்டமைப்பைத்தான் கட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை என்றது அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து. எனக்கும் அந்தத் தொகை அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் கணக்கு கேட்க வேண்டியது பாதையை அங்கே வரைந்தவர்களிடம். செய்திகளில் வௌவாலைத்தான் திட்டினார்கள்.

புதுப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், காதுகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். இதுவும் தவறென்றால் எழுதுங்கள்.