“நான் வாங்கவே இல்லை” என்கிறார் வாடிக்கையாளர்: சார்ஜ்பேக் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: ஆன்லைனில் கேமரா லென்ஸ்கள் விற்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் அனுப்பிய ஒரு லென்ஸுக்கு இப்போது சார்ஜ்பேக் (கார்டு உரிமையாளரின் புகாரால் வங்கி பணத்தைத் திரும்ப எடுப்பது) வந்திருக்கிறது. ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை’ என்று கார்டு உரிமையாளர் வங்கியில் சொல்லியிருக்கிறார். பார்சல் போய்ச் சேர்ந்ததற்கு டிராக்கிங் இருக்கிறது. பணம் அப்ரூவ் ஆன பிறகுதானே அனுப்பினேன், எப்படித் திரும்ப எடுக்க முடியும்? பேசாமல் ரீஃபண்ட் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விதான் அவசரம். ரீஃபண்ட் போடாதீர்கள். சார்ஜ்பேக் பதிவானதுமே அந்தத் தொகையும் அதற்கான கட்டணமும் பொதுவாக உங்கள் கணக்கிலிருந்து போயிருக்கும். அதற்கு மேல் நீங்களும் ரீஃபண்ட் போட்டால் ஒரே லென்ஸுக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாக ஆகும். லென்ஸும் கையில் இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுங்கள், தப்பில்லை. அவர் மனம் மாறினால் புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டதாகத் தன் வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அது கிடைத்தாலும் கெடு தேதிக்குள் சார்ஜ்பேக்குக்கு நீங்கள் ஆதாரத்தோடு பதில் அனுப்பியே ஆக வேண்டும். தேதி தாண்டினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் தோல்விதான்.

‘அப்ரூவ்ட்’ என்ற சொல் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. கார்டு செல்லும், அதில் பணம் இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். எண்ணை உள்ளிட்டவர் அதன் சொந்தக்காரர்தான் என்று வங்கி எந்த உத்தரவாதமும் தரவில்லை. கார்டை நேரில் காட்டாத வியாபாரத்தில் அந்த ஆபத்து பொதுவாக விற்பவர் தலையில்தான். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள்வரை அவகாசம் உண்டு. ஆகவே இரண்டு மாதம் கழித்து வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

சரி, இப்போது கேட்வே (உங்கள் கடைக்குக் கார்டுப் பணத்தை வாங்கித் தரும் சேவை) அனுப்பிய அறிவிப்பைத் திறந்து காரணக் குறியீட்டைத் தேடுங்கள். விசாவில் 10.4 என்றால் ‘கார்டு உரிமையாளர் செய்யாத ஆன்லைன் பரிவர்த்தனை’. 13.1 என்றால் பொருள் வரவில்லை. 13.3 என்றால் வந்தது, ஆனால் சொன்னபடி இல்லை. மாஸ்டர்கார்டில் உங்கள் வகைப் புகாருக்கு 4837. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். 13.1-க்கு டிராக்கிங் பலமான ஆதாரம். 10.4-க்கு அதை மட்டும் அனுப்பினால், திருடன் வீட்டுக்குப் பார்சல் பத்திரமாகப் போனதற்கு நீங்களே சாட்சி சொன்னது போல ஆகிவிடும்!

10.4-இல் ஜெயிக்க நல்ல வழிகள் இரண்டு. அந்த ஆர்டரில் 3டி செக்யூர் சரிபார்ப்பு, அதாவது ஓடிபியோ வங்கிச் செயலியில் ஒப்புதலோ, முழுமையாக நடந்திருந்தால் மோசடிக்கான பொறுப்பு பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடும். அந்தப் பதிவைக் கேட்வேயிடம் கேட்டு வாங்கி இணையுங்கள். இன்னொன்று, 2023 ஏப்ரலில் விசா கொண்டுவந்த விதி. பழைய ஆர்டர்களைக் காட்டி, இதுவும் அதே நபர் வாங்கியதுதான் என்று நிறுவ அது வழி தருகிறது. அதே கார்டில் அதே நபர் உங்களிடம் முன்பே இரண்டு முறை வாங்கி, அவற்றுக்குப் புகார் எதுவும் வராமல் இருந்திருக்க வேண்டும். அந்த இரண்டும் புகார் வந்த தேதிக்கு 120 முதல் 365 நாள்வரை முந்தியதாக இருக்க வேண்டும். ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்), சாதன அடையாளம் (எந்தப் போன் அல்லது கணினி என்பது), பயனர் கணக்கு, டெலிவரி முகவரி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இந்த ஆர்டரோடு பொருந்த வேண்டும். அதில் ஒன்று ஐபி அல்லது சாதன அடையாளமாக இருப்பது கட்டாயம். வாங்கிவிட்டு ‘வாங்கவில்லை’ என்று சொல்பவர்களும், வீட்டில் பிள்ளை வாங்கியது தெரியாதவர்களும் பெரும்பாலும் இதில்தான் மாட்டுவார்கள்.

பதில் கடிதம் ஒரு பக்கம் போதும். வங்கியில் அதைப் படிப்பவருக்கு உங்கள் கோபம் தேவையில்லை. “இதே கார்டில், இதே கணக்கிலிருந்து, இதே ஐபி முகவரியில் முன்பு இரண்டு ஆர்டர்கள் புகாரின்றி முடிந்துள்ளன, விவரம் கீழே” என்று முதல் வரியிலேயே தொடங்குங்கள். முதல்முறை வாங்கியவர், ஓடிபியும் இல்லை என்றால், என் கருத்தில் ஒப்புக்கொண்டு விடுவதே மேல். அந்த நேரத்தை அடுத்த ஆர்டரைக் காப்பாற்றச் செலவிடலாம்.

அதற்கு இப்போது சார்ஜ்பேக் வந்த ஆர்டரையே பதிவேட்டில் எடுத்துப் பாருங்கள். நான்கு கார்டு தோற்று ஐந்தாவது கார்டில் பணம் வந்ததா? பில்லிங் முகவரி ஓர் ஊர், டெலிவரி வேறு ஊரா? புதுக் கணக்கு, விலை உயர்ந்த பொருள், மிக வேகமான டெலிவரி என்று மூன்றும் சேர்ந்து வந்ததா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அதற்காக யாரையும் சந்தேகிக்க வேண்டாம், பரிசு அனுப்புபவரும் முகவரியை மாற்றித்தான் போடுவார். ஆனால் பணம் கட்டிய பிறகு “முகவரியை மட்டும் மாற்றிக் கொடுங்க” என்று செய்தி வந்தால் மாற்றாதீர்கள். ஆர்டரை ரத்து செய்து, புதிய முகவரியோடு மறுபடி வாங்கச் சொல்லுங்கள். நிஜ வாடிக்கையாளர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு வாங்குவார். மோசடிக்காரர் பெரும்பாலும் காணாமல் போய்விடுவார். அதே போல, “தெரியாமல் அதிகமாகக் கட்டிவிட்டேன், மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்றால், பணம் எந்தக் கார்டிலிருந்து வந்ததோ அதற்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

சில நிமிடங்களில் சின்னச் சின்னத் தொகைக்கு டஜன் கணக்கில் கார்டுகள் முயற்சிக்கப்பட்டால், திருட்டு எண்களில் எது வேலை செய்கிறது என்று உங்கள் கடையில் யாரோ சோதித்துப் பார்க்கிறார்கள். முயற்சி எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள், கேப்ச்சா (முயல்வது மனிதர்தானா என்று பார்க்கும் சிறு சோதனை) போடுங்கள். வெற்றியான பரிவர்த்தனைகளை உடனே ரீஃபண்ட் செய்யுங்கள். ஆமாம், இங்கே ரீஃபண்ட்தான் சரி, ஏனென்றால் இன்னும் புகார் வரவில்லை. சிவிவி எண்ணைப் பணம் கட்டும்போது கேளுங்கள், ஆனால் எங்கும் சேமிக்காதீர்கள். அதற்கு அனுமதியே கிடையாது. ஓடிபியை எல்லா ஆர்டருக்கும் கட்டாயமாக்கினால் பாதியில் விட்டுப் போகிறவர்கள் கூடலாம். கட்டாயமில்லாத இடங்களில் பெரிய தொகைக்கும் புதியவர்களுக்கும் மட்டும் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் கார்டிலேயே உங்கள் கடையில் எதையாவது வாங்கி, ஸ்டேட்மென்டில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். கடைப் பெயர் இல்லாமல் பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றால், நேர்மையான வாடிக்கையாளரே ‘இது யார்?’ என்று வங்கிக்குப் போன் போடுவார். இருபது சொச்சம் எழுத்துதான் இடம். அதில் கடைப் பெயரும், முடிந்தால் தொலைபேசி எண்ணும் தெரியும்படி கேட்வேயில் மாற்றிக்கொள்ளுங்கள்.